உள்ளே யாரும் இல்லை என்ற பக்கம்

புதிதாக இந்த இணையதளத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். தளம் விழுந்தால் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வருகிறது. அதை அப்படியே எடுத்துத் தேடினால், உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் எவரோ பதில் எழுதி வைத்திருக்கிறார். அப்படியிருந்தும் சிவப்பைக் கண்டால் நீங்கள் பயப்படுகிறீர்கள். நான் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் பயப்படுவது பச்சையைக் கண்டு. ஒரு பிழையும் சொல்லாமல், எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் சிரித்துக்கொண்டிருக்கும் பக்கம் இருக்கிறதே, அதை இன்றைக்கும் இரண்டாம் தடவை பார்க்காமல் நான் நம்பமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களும் கொஞ்சம் பயந்துகொள்ளுங்கள், தப்பில்லை.

எங்கள் அலுவலகம் கோவையில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஆலைக்காரர்கள். அவர்களில் ஒருவர் பெருந்துறையில் நூலுக்குச் சாயம் போடும் ஆலை வைத்திருந்தார். வெளியாட்கள் பார்க்க அழகான முகப்பு, ஊழியர்களுக்கு மட்டும் உள்பக்கங்கள் என்று அவர்கள் தளத்தைச் செய்து கொடுத்திருந்தோம். அந்த உள்பக்கங்களில் ஒன்றுதான் இந்தக் கதை.

தளத்தை ஓட்டும் மென்பொருளோடு வரும் பதிவு வகைகள் செய்தி, பக்கம் என்று இரண்டோ மூன்றோதான். அவை போதாதபோது நாமே ஒரு பதிவு வகையை உண்டாக்குவோம். அந்த ஆலைக்கு ‘இறங்கு அனுமதி’ என்று ஒரு வகை செய்திருந்தோம். சாயக் கழிவுநீர் சேரும் தொட்டிகளின் அடியில் சேறு படியும். ஆள் இறங்கித்தான் அதைச் சுரண்ட வேண்டும். இறங்குவதற்கு முன் ஒரு அனுமதியைப் பதிய வேண்டும்: எந்தத் தொட்டி, இறங்குகிறவர் யார், மேலே காவல் நிற்பவர் யார், இறங்கிய நேரம், ஏறிய நேரம். ஏறிய நேரத்தைப் போட்டால் அனுமதி மூடிக்கொள்ளும். மோட்டார் அறையில், பொத்தானுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய திரை. யாராவது உள்ளே இருந்தால் அவர் பெயர் சிவப்பில் வரும். இல்லாவிட்டால் பச்சைப் பட்டையில் ‘உள்ளே யாரும் இல்லை’ என்று வரும். பச்சை வந்தால் மோட்டார் போடலாம். மோட்டார் போட்டால், தேங்கியிருக்கும் சாயத்தண்ணீர் தொட்டிக்குள் விழும்.

முன்பெல்லாம் மோட்டார் போடுகிறவர் படியேறித் தொட்டியை எட்டிப் பார்த்து, ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் கீழே வருவாராம். திரை வந்த பிறகு படியேறுவது நின்றுபோனது. அதை எங்களிடம் பெருமையாகச் சொன்னார்கள். நாங்களும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டோம்.

இப்போது நோம்பிக்கு, அதாவது ஊர்த் திருவிழாவுக்கு, வருவோம். மாரியம்மன் நோம்பி சாட்டிவிட்டால் எங்கள் பக்கத்தில் ஆலைச் சங்கு ஊதாது. அதனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஆலைத் தளங்களில் பெரிய வேலை எதுவானாலும் அந்த ஊர் நோம்பி அன்றைக்கு வைத்துக்கொள்வோம். தளத்தை யாரும் திறக்கமாட்டார்கள், போன் போட்டு வையமாட்டார்கள், மாவிளக்கு எடுக்கப் போயிருப்பார்கள். ஆலைக்காரர்களுக்கும் இதே புத்திதான் என்பது மட்டும் எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. தொட்டியில் ஆள் இறங்க வேண்டுமென்றால் சாயத்தண்ணீர் வரத்து நிற்க வேண்டும். அது நிற்பது நோம்பி மாதிரி ஆலை ஓடாத நாளில்தான். யாரும் இல்லாத நாள் என்று இரண்டு தரப்பும் ஒரே நாளைப் பிடித்து வைத்திருந்தோம்.

அன்றைக்கு என்னோடு வேலை செய்த நவீன், அந்தத் தளத்தின் ‘தீம்’ என்னும் தோற்ற நிரல்தொகுப்பைப் புதுப்பித்தான். முகப்பைத் திறந்து பார்த்தான், படங்களைப் பார்த்தான், தொடர்புப் பக்கத்தைப் பார்த்தான். எல்லாம் ஒழுங்காக இருந்தது. “முடிஞ்சுதுங்கக்கா” என்றான். கீழே பேக்கரியிலிருந்து தேங்காய் பன் வாங்கி வரச் சொல்லலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

அப்போது சண்முகம் அண்ணன் கூப்பிட்டார். ஆலையில் கழிவுநீர்ப் பிரிவைக் கவனிப்பவர். தங்கமான மனிதர். ஆனால் தலை போகிற விஷயமானாலும் நலம் விசாரித்து முடிக்காமல் வாயைத் திறக்கமாட்டார்.

“ஏனுங்க அம்மணி, நல்லா இருக்கறீங்களா? நோம்பிக்கு இந்தப் பக்கம் வருவீங்கன்னு நெனச்சேன்.”

“எங்கீங்கண்ணா, வேலை உடமாட்டேங்குது. ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?”

வீட்டில் அனைவரும் சௌக்கியம். மாவிளக்குக்கு மாவு இடித்தாயிற்று. பெரிய பெண் ஊரிலிருந்து வந்திருக்கிறாள். தீர்த்தக் குடம் கிளம்பப் போகிறது. பின்னால் மேளச் சத்தம் எனக்கே கேட்டது. இவ்வளவும் ஆன பிறகு,

“ஒண்ணுமில்லீங்க, அவசரமே இல்லீங்க. நாளைக்குப் பாத்தாலும் போதும். போன மாசம் தொட்டியில எறங்குன வெவரம் ஆபீசுல கேட்டாங்கன்னு போன்ல தொறந்தனுங்க. பழைய அனுமதி ஒண்ணுகூடக் காணமுங்க.”

“இன்னைக்கு ஆரும் எறங்கலீங்களாண்ணா?”

“காலையில எறங்குனாங்க. முடிச்சு ஏறிட்டாங்களாட்ட இருக்குது. இப்பப் பாத்தா பச்சையா இருக்குதுங்களே. பச்சை வந்ததும் மோட்டாரப் போட்டுருன்னு கதிர்வேலுகிட்டச் சொல்லிப்போட்டுத்தான் ஊட்டுக்கு வந்தேன். நாளைக்கு மில்லு ஓடோணுமல்லங்க. செரிங்க அம்மணி, கொடம் கெளம்பீருச்சு, வெச்சுர்றேனுங்க.”

வைத்துவிட்டார். நான் போனைக் கையில் பிடித்தபடி நின்றேன். உள்ளே யாரும் இல்லை என்று பக்கம் சொன்னால் நம்பலாம், அது நடக்கக்கூடியது. ஆனால் இதுவரை யாருமே இறங்கியதில்லை என்று அதே பக்கம் சொன்னால்? போன மாதம் இறங்கியவர்கள் எங்கே போனார்கள்? பழையதும் காணவில்லை என்றால், அந்தப் பச்சைக்கு அர்த்தமே இல்லை. இதை இப்போது உங்களுக்கு நிதானமாகச் சொல்கிறேன். அப்போது அந்த நிதானம் இல்லை.

தளத்தை விட்டுவிட்டு நேராகத் தரவுத்தளத்தைத் திறந்தேன். பதிவுகள் எல்லாம் இருந்தன. ஒன்றுகூட அழியவில்லை. கடைசிப் பதிவைப் பார்த்தேன். இரண்டாம் தொட்டி. இறங்கியவர் ஆறுமுகம். இறங்கிய நேரம் காலையில். ஏறிய நேரம் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை.

என்ன நடந்திருந்தது என்பது ஒரு நொடியில் விளங்கியது. இறங்கு அனுமதி என்று ஒரு வகை உண்டு என்று தளத்துக்குச் சொல்லும் வரிகள் தீமுக்குள் இருந்தன. புதிய தீம் வந்து உட்கார்ந்ததும் அந்த வரிகள் போய்விட்டன. பதிவுகள் இருக்கின்றன, ஆனால் அப்படியொரு வகையே தளத்துக்குத் தெரியாது. திறந்த அனுமதி உண்டா என்று பக்கம் கேட்டிருக்கிறது. ‘தெரியாது’ என்று சொல்ல வேண்டிய தளம், ‘இல்லை’ என்று சொல்லியிருக்கிறது. இல்லை என்றால் பச்சை காட்டு என்று நாங்களே அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தோம்.

நவீனும் எட்டிப் பார்த்தான். “அக்கா, பழைய தீம் பேக்கப்புல இருக்குது. அதைத் திருப்பிப் போட்டா எல்லாம் வந்துருமுங்க. கொஞ்ச நேரந்தான்” என்றான். விரல்கள் ஏற்கெனவே விசைப்பலகைக்குப் போயிருந்தன.

“கைய எடு” என்றேன். அவனிடம் அப்படி நான் பேசியதே இல்லை.

உங்களில் பலர் அந்த இடத்தில் நவீன் செய்யப் போனதைத்தான் செய்வீர்கள். பழுது தெரிந்துவிட்டது, மருந்தும் கையில் இருக்கிறது, பிறகென்ன? ஆனால் நினைத்துப் பாருங்கள். திருப்பிப் போடும்போது பாதியில் தளம் படுத்துவிட்டால்? மோட்டார் அறைத் திரையில் கடைசியாக வந்த பச்சை அப்படியே நிற்கும். அதற்குள் அந்தப் பச்சையை நம்பி மோட்டார் ஓடிவிடும். பழுது பார்ப்பது ஒரு வேலை, ஆபத்தை நிறுத்துவது வேறு வேலை. பயத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

சண்முகம் அண்ணனுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தீர்த்தக் குடத்துக்கு முன்னால் நடக்கிறவர் மடியில் போன் அடித்தால் யாருக்குக் கேட்கும்? மோட்டார் போடுகிற கதிர்வேலுவுக்குப் போட்டேன். எடுத்தது வாசல் காவலாளி. ரசாயனம் இருக்கும் பகுதிக்குள் போன் கொண்டு போகக் கூடாதாம். எல்லோர் போனும் கேட்டில் ஒரு பெட்டியில் கிடக்கிறது.

“உள்ளார தொட்டியில ஆள் இருக்குதுங்க. ஓடிப் போயி மோட்டாரப் போட வேண்டாம்னு சொல்லுங்க” என்று கத்தினேன்.

“ஆருங்க நீங்க? மோளச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங்க. கேட்டுக்கு முன்னால கூட்டமுங்க, பானகம் ஊத்தறாங்க. கேட்ட உட்டுப்போட்டு நான் உள்ள போகக் கூடாதுங்க அம்மணி. சம்முகண்ணனக் கூப்பிட்டுச் சொல்லுங்க.”

எவ்வளவு மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதையைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அக்கா,” என்றான் நவீன் மெல்ல, “ஏறுனதுக்கப்பறம் அனுமதிய மூட மறந்திருந்தாங்கன்னா? அப்படிப் பல வாட்டி நடந்திருக்குதுங்களே.”

நடந்திருக்கிறதுதான். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நானும் அப்படித்தான் அரண்டுபோய் இருக்கிறேனோ என்று ஒரு கணம் தோன்றியது. வீணாக மோட்டாரை நிறுத்தினால் ஆலை தாமதமாகும், முதலாளி வாய்க்கு வந்தபடி பேசுவார், வாடிக்கையாளர் கைவிட்டுப் போகலாம். இன்னொரு பக்கம் ஆறுமுகம் என்ற பெயர். அந்த மனிதரை நான் பார்த்ததுகூட இல்லை. தட்டில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத கணக்கு அது. ஆனாலும் பயம் வந்துவிட்டால் மனம் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும், நம்பாதீர்கள்.

அப்போதுதான் திரை நினைவுக்கு வந்தது. மோட்டார் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய திரை இருக்கிறது. அது சற்றைக்கொரு தரம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அதில் ஓடுவது ஒரு சாதாரணப் பக்கம். அந்தப் பக்கத்தை என்னால் திருத்த முடியும். பதிவு வகை வேண்டாம், நிரல் வேண்டாம், ஒரு பெட்டியில் தட்டச்சு செய்து சேமித்தால் போதும். இவ்வளவு நேரம் ஊரெல்லாம் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன், கதிர்வேலுவின் முகத்துக்கு நேரே நிற்கும் ஒரு பலகை என் கையில் இருக்கிறது!

பக்கத்தைத் திறந்தேன். பட்டியலை அப்படியே அழித்தேன். ‘தயவுசெய்து மோட்டாரைப் போட வேண்டாமுங்க’ என்று கை பழக்கத்தில் அடித்துவிட்டது. அதையும் அழித்தேன். ‘மோட்டாரை நிறுத்து. இரண்டாம் தொட்டிக்குள் ஆறுமுகம். ஏறிப் பார்’ என்று அடித்தேன். எழுத்தைத் திரை கொள்ளும் அளவுக்குப் பெரிதாக்கினேன், சிவப்பாக்கினேன், சேமித்தேன்.

பிறகு செய்ய ஒன்றும் இல்லை. அதுதான் இந்தக் கதையில் மிகக் கொடுமையான பகுதி.

தளத்துக்கு யார் வந்து எந்தப் பக்கத்தை வாங்கிப் போகிறார்கள் என்ற பதிவு நம்மிடம் ஓடிக்கொண்டே இருக்குமல்லவா, அதைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். புதிய வரி வரவில்லை. வரவில்லை. நவீன் முணுமுணுவென்று மாரியாத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஒரு வரி வந்தது. மோட்டார் அறைத் திரை வந்து பக்கத்தை வாங்கிக்கொண்டு போயிருந்தது. நவீன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

திரை வாங்கிக்கொண்டது, சரி. மனிதர் பார்த்தாரா? கதிர்வேலு அறையில் இருக்கிறாரா, பொத்தானை அழுத்திவிட்டுப் பானகம் குடிக்கப் போய்விட்டாரா? எழுத்து யாரும் இல்லாத அறையில் சிவந்துகொண்டு நிற்கிறதா? அந்த நேரத்தில் என் மனம் அந்தத் தொட்டிக்குள் இறங்கி நின்றது. நான் தொட்டியைப் பார்த்திருக்கிறேன். ஏணி இருக்கும் மூலைக்கு மேலேதான் தண்ணீர் விழும் குழாய். சுவரெல்லாம் சாயச் சேறு, கை வைத்தால் வழுக்கும். நான் தைரியசாலி இல்லை. பயந்துதான் உட்கார்ந்திருந்தேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன் அடித்தது. கதிர்வேலுவின் எண். பேசியதும் கதிர்வேலுவேதான், கேட்டுக்கு ஓடிவந்து.

“அம்மணி, ஆளு இருக்குதுங்க.” மூச்சு வாங்கியது. “உசுரோட இருக்குதுங்க. மேல தூக்கியாச்சுங்க.”

மோட்டார் ஓடத்தான் ஓடியிருக்கிறது. பச்சை வந்ததும், சொன்னபடி, போட்டிருக்கிறார். போட்டுவிட்டு மறுபடி திரையைப் பார்த்தபோது பச்சை போய் என் சிவப்பு நின்றிருக்கிறது. “என்ன இது, மட்டு மருவாதி இல்லாம எழுதியிருக்குதேன்னு மொதல்ல கோவந்தானுங்க வந்துச்சு” என்று பின்னாளில் சொல்லிச் சிரித்தார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டுப் படியேறி ஓடியிருக்கிறார். மேலே காவல் நிற்க வேண்டியவர் இல்லை. ஆறுமுகத்துக்கும் சேர்த்துப் பானகம் வாங்கி வரக் கேட்டுக்குப் போனவர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். உள்ளே, எதிர் மூலையில், ஆறுமுகம் நெஞ்சளவு நீலத் தண்ணீரில் சுவரோடு ஒட்டி நின்றிருக்கிறார்.

நவீன் மேசையில் தலையை வைத்து அழுதான். நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, என் அழுகையைக் குளியலறையில் வைத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் பழைய தீம் தொகுப்பைத் திருப்பிப் போட்டோம். ஒரு தடங்கலும் இல்லாமல், சமத்தாக வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் அதைக் காரணம் காட்டி, அன்றைக்கு அவன் சொன்னதே சரி என்று யாரும் என்னிடம் வாதிக்க வர வேண்டாம்.

பிறகு மாற்ற வேண்டியவற்றை மாற்றினோம். பதிவு வகையின் வரிகளைத் தீமிலிருந்து பிரித்துத் தனியே வைத்தோம். பழைய பதிவு ஒன்றையாவது தன் கண்ணால் பார்க்க முடியாவிட்டால் பக்கம் பச்சை காட்டாது, ‘எனக்குத் தெரியவில்லை, ஏறிப் பாருங்கள்’ என்று சிவப்பில் சொல்லும்படி செய்தோம். ஆலையில் மோட்டார்ப் பெட்டிக்கே பூட்டுப் போட்டு, சாவியை இறங்குகிறவர் இடுப்பில் கட்டிவிட்டார்கள். எங்கள் திரையைவிட அந்தப் பூட்டு நல்ல ஏற்பாடு, ஒப்புக்கொள்கிறேன். நோம்பி அன்றைக்கு எந்த ஆலைத் தளத்தையும் தொடக் கூடாது என்பது அலுவலகச் சட்டம் ஆயிற்று.

சில வாரங்கள் கழித்துச் சண்முகம் அண்ணன் அலுவலகத்துக்கு வந்தார். கூடவே ஒல்லியாக ஒருவர். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், நகக்கண்களில் மட்டும் இன்னும் நீலம் போகவில்லை. சொல்லாமலே யார் என்று தெரிந்துவிட்டது. உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். காப்பி வந்தது, நலம் விசாரித்தோம், அவர் பெண் எத்தனாவது படிக்கிறாள் என்று கேட்டேன். 

கடைசியில் ஆறுமுகம் கேட்டார். “அம்மணி, ஒண்ணு கேக்கோணுமுங்க. அன்னைக்கு கம்ப்யூட்டர்ல எம் பேரு அழிஞ்சு போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. நெசமுங்களா?”

“இல்லீங்க. அழியவே இல்லீங்க. பேரு உள்ளயேதான் இருந்துச்சு. வெளிய தெரியல, அவ்வளவுதானுங்க.”

அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

“நானும் உள்ளயேதானுங்க இருந்தேன்” என்றார். “தொண்டை கட்டற மட்டும் கத்திட்டே இருந்தேன்.”